பதின்மூன்று

நோய் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.
நியோனோ வாய்க்காலோரம், நிலையத்தின் மூன்றாம் கொட்டகை.
கத்தரிக்கோலைக் கலங்கிய நீரில் முக்கி
நாற்பது நாள் பயிரின் நுனியை வெட்டுவேன்.
ஒரு முக்கு, ஒரு வெட்டு,
செடிக்கு ஐந்து இலை.
தூரத்திலிருந்து பார்ப்பவர்கள்
வயலுக்கு முடி திருத்துகிறாள் என்பார்கள்.

பதினான்கு நாள் கழித்து அளவுகோலோடு வருவேன்.
வெட்டுவாயிலிருந்து விளிம்பைப் பிடித்தபடி
வெளுப்பு எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது?
இருபது சென்டிமீட்டர். இருபத்திரண்டு.
பதினெட்டு. மறுபடி இருபத்திரண்டு.
சாவை மில்லிமீட்டர் பிசகாமல் எழுதும் கை
இந்த வட்டாரத்தில் இது ஒன்றுதான்.

போன மழைக்காலம் சுமானா வந்தான், என் தங்கை புருஷன்.
சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, சாய்த்துப் போட்டான்.
பிடியில் வைக்கோல் நிற இலைகள்,
பால் பிடிக்குமுன் காய்ந்தவை.
"நீங்கள் கொடுத்த விதை. தாங்கும் என்றீர்களே"
என் நோட்டின்மேல் எறிந்தான்.

தாங்கியது. ஒன்பது வருடம் தாங்கியது.
பூட்டு அதேதான்,
திருடன் தேறிவிட்டான்.

அவனுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.
இலையை நறுக்கி நீரில் இட்டேன்.
அறுத்த நரம்பிலிருந்து புகைபோல் கசிந்தது.
தட்டில் வளர்த்தேன், மஞ்சள் முத்தாகத் திரண்டது.
குழாயில் அடைத்து அவன் பெயரை எழுதினேன்:
சுமானா, ஒன்று.
"என் பெயரையா வைத்தாய் அந்தப் பீடைக்கு?"

ஏப்ரலில் மின்சாரம் போனது. நாற்பத்திரண்டு டிகிரி.
எல்லோரும் விதைப்பெட்டிகளுக்கு ஓடினார்கள்,
நான் கிருமிக்கு ஓடினேன்.
மீன்காரியிடம் கடன் சொல்லி ஐஸ் வாங்கி
ஈரச் சாக்கில் சுற்றி
இரண்டு இரவு குழாய்களின் பக்கத்தில் குந்தியிருந்தேன்.
"எனக்குக் காய்ச்சல் வந்தபோது நீ தூங்கினாய்"
என்றாள் மகள். பொய்யில்லை.
ஆனால் அது செத்துப்போனால்
நெல்லிடம் எதை வைத்துக் கேள்வி கேட்பது?

வாய்க்கால் கரையில் காட்டுநெல் உண்டு.
யாரும் விதைத்ததில்லை. மண்ணுக்கடியில் வேர்த்தண்டால் நடக்கும்.
முற்றியதும் மணியைத் தானே உதிர்க்கும்,
அரிவாளுக்காகக் காத்து நிற்காது.
அதன் இலை கருகி நான் பார்த்ததில்லை.
நின்று பார்த்ததும் இல்லை.
சுமானா வருடா வருடம் அதைக் கெல்லி எறிவான்,
கெல்லும்போது திட்டுவான்,
திட்டாவிட்டால் வேர் போகாதாம்.

"அந்தக் களையில் ஒரு குத்து வேண்டும்" என்றேன்.
"யாருக்குப் பைத்தியம், உனக்கா எனக்கா?"

அடுத்த வெள்ளி, தொழுகை முடிந்த கையோடு,
கேரியரில் சேறு சொட்டச் சொட்டக் கொண்டுவந்தான்.
"வைத்துக்கொள். மிச்சத்தை எரித்துவிட்டேன்."

விடியுமுன் பூவின் தலையைக் கத்தரித்து
உள்ளிருக்கும் ஆறு மகரந்தப்பைகளையும்
இடுக்கியால் எடுத்து, காட்டுக் கதிரை உதறி,
காகித உறை மாட்டி, தேதி எழுதி,
இருநூற்றுப் பதினாறு பூக்கள்.
பிடித்தவை ஏழு.
ஏழில் முளைத்தவை மூன்று.
ஒன்று வெளிறி மூன்றாம் வாரம் போனது.
ஒன்றை எலி தின்றது, எழுதிக்கொண்டேன்.
ஒன்று தூர் கட்டி நிற்கிறது,
யார் ஜாடை என்று சொல்ல முடியவில்லை.

அது சோறாக இன்னும் ஏழெட்டு வருடம்.
காட்டின் உதிர்குணம் கழிய
தாய்வழியிலேயே திரும்பத் திரும்பச் சம்பந்தம் செய்யவேண்டும்,
அந்த ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் மறக்கும்வரை.
அந்த ஒன்று இருக்கிறதா என்பதே இன்னும் தெரியாது.

சுமானாவின் குழாயில் முக்கி
அதன் ஐந்து இலைகளை வெட்டினேன்.

இன்று மதியம் கொட்டகை வாசலில் நின்றான்,
செருப்பைக் கழற்றிவிட்டு.
"என் பீடை எப்படி இருக்கிறது?"
நலம் என்றேன்.
உள்ளே வந்தான். இலைப்பக்கம் குனிந்தான்.
அளவுகோலை எடுக்கக் கை நீட்டினான்,
கையைத் தட்டிவிட்டேன்.

இன்று பதின்மூன்றுதான் ஆகிறது.